பத்துத் தலைமுறை உழுத வீடு

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். "கோட்டை பாக்கலாமா, கடைவீதி போலாமாப்பா?"ன்னு கேட்டான். "ஒரு பண்ணையைக் காட்டு சாமி, போதும்"னேன். அப்படித்தான் ஈஸ்ட் கில்பிரைடு ஊருக்குப் பக்கத்தில் உள்ள வெஸ்டர் கிட்டாக்சைடு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

1567-ல் இந்த நிலத்தை ரீட் என்ற குடும்பம் வாங்கியது. பத்துத் தலைமுறையாக அங்கேயே வெள்ளாமை செய்தார்கள். இப்போது நிற்கும் வீடு 1780-களில் கட்டியது. ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு மன்னர்கள் வரிசையாக ஆண்ட காலம் அது (1714–1830). அதனால் அந்தக் கட்டடப் பாணிக்கு 'ஜார்ஜியன்' என்று பேர்.

ஆடம்பரம் இல்லாத பாணி. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் சன்னல். தாளை மடிக்கிற மாதிரி மடித்தால் ஒரு பாதி மறுபாதியின் மேல் உட்காரும். சன்னலை மேலும் கீழும் தள்ளித் திறக்க வேண்டும். அன்றைக்கு அங்கே சன்னலுக்கே வரி! 1851-ல்தான் எடுத்தார்கள். வரிக்குப் பயந்து சன்னலை அடைத்தவர்களும் உண்டாம்.

அக்காலக் கல் வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரைதான். சுவர் குடித்த ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். நம்ம ஊர்ப் பழைய வீடுகளையும் இப்படித்தானே கெடுத்து வெச்சிருக்கோம்!

வீட்டைவிட என்னை நிறுத்தியது கட்டுத்தரைதான். வீட்டை ஒட்டியே மாடு, குதிரை, பால் எல்லாவற்றுக்கும் இடம். பழுப்பும் வெள்ளையுமாக அயர்ஷயர் மாடுகள். 170 ஏக்கரும் ரசாயனத்தைக் கொட்டித் தீவிரச் சாகுபடிக்குப் போகாத நிலம். குதிரை போய் டிராக்டர் வந்த 1950-களின் முறையில் இன்றும் நடத்துகிறார்கள்.

1947-ல் ஈஸ்ட் கில்பிரைடைப் புதுநகரம் என்று அறிவித்தார்கள். வீடுகளும் ஆலைகளும் பெருகின. ரீட் குடும்பம் நிலத்தைக் கூறு போடவில்லை. 1992-ல் வீட்டையும் காட்டையும் ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டது. 2001-ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது.

என் நாலு ஏக்கருக்குப் பக்கத்துல பைபாஸ் வந்து மூணு வருசமாச்சு. மாசம் ஒரு புரோக்கராவது வர்றார். வேலியோரம் நின்னப்ப மகன் கேட்டான், "நம்ம காட்டை என்னப்பா பண்ணப் போறீங்க?"

"நீ என்ன பண்ணப் போற?"

பதில் இல்லை. கட்டுத்தரையை நாலு போட்டோ எடுத்தான். காரில் ஏறும்போதுதான் கேட்டான்: "நம்ம கட்டுத்தரை எத்தனை அடிங்ப்பா இருக்கும்?"