உவர்நீரும் செய்மதியும்

ஆறு கடலோடு கலக்குமிடத்திற் படிந்த வண்டல் நிலமே கழிமுகம் எனப்படும். நெற்செய்கைக்கு இதைப்போற் பொருத்தமான நிலம் அரிது. ஆயினும் அது தாழ்நிலமாதலால், கோடையில் ஆற்று நீர் குறைந்ததும் கடலின் உவர்நீர் வாய்க்கால் வழியே வயலை அடையும். வியட்நாமின் நெல்லில் ஏறக்குறையப் பாதியை விளைவிக்கும் மீகொங் கழிமுகத்தில் 2016 ஆம் ஆண்டு வறட்சியின்போது இவ்வாறே பெருஞ் சேதம் நேர்ந்தது. இத்தகைய இடர்களைக் கவனிக்க இன்று செய்மதிகள் பயன்படுகின்றன. அவை எதனைக் காட்டும், எதனைக் காட்டமாட்டா என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

ஒளிப்படம் எடுக்கும் செய்மதிக்கு மேகம் தடையாகும். ராடார் செய்மதிக்கு அத்தடை இல்லை. 2014 இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய சென்ரினல்-1 தானே அலைகளை அனுப்பி, நிலத்திற் பட்டு மீள்வனவற்றை அளக்கிறது; 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வருகிறது. நீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்திற் கருமையாகத் தோன்றும். பயிர் வளர வளர அவ்விடம் வெளுக்கும். எப்பகுதியில் எப்போது விதைப்பு நடந்தது, எங்கே வயல் தரிசாகக் கிடக்கிறது என்பன இதனால் தெரியவரும்.

நிலம் அமிழ்வதையும் ராடார் காட்டும். ஒரே இடத்தை இருவேறு நாட்களில் அளந்து ஒப்பிட்டால் மில்லிமீற்றர் அளவு வேறுபாடும் புலப்படும். மீகொங்கிற் பல இடங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் அதிகமாக அமிழ்கின்றன. உலகக் கடல் மட்டமோ ஆண்டுக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றரே உயர்கிறது. அதாவது, கடல் ஏறுவதிலும் விரைவாக நிலம் இறங்குகிறது! தரைக்கீழ் நீரை மிகையாக இறைத்தல் இதற்கு ஒரு முக்கிய காரணம். மேலாற்று அணைகள் வண்டலைத் தடுத்துவிடுவதால், அமிழும் நிலத்தை மேடாக்கப் புதிய மண்ணும் போதிய அளவு வருவதில்லை. ஆனால் இவ்வளவீடு வீடு, வீதி போன்ற உறுதியான பொருள்களிலேயே நன்கு அமையும். உழுதும் விதைத்தும் மாறிக்கொண்டிருக்கும் வயலில் அமையாது.

விண்ணிலிருந்து பெற்ற உயரக் கணக்கை அப்படியே நம்புதலும் தகாது. இக்கழிமுகத்தின் சராசரி உயரம் ஏறக்குறைய 2.6 மீற்றர் என்று அத்தகைய தரவுகள் காட்டின. தரையில் எடுத்த அளவுகளை உள்ளூர்க் கடல் மட்டத்துடன் பொருத்திப் பார்த்த ஆய்வொன்று, அது 0.8 மீற்றரே என 2019 இல் வெளியிட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, குறுகிய வாய்க்காலில் ஓடும் நீரின் உப்பைச் செய்மதி அளந்து சொல்லாது. அதற்கு உவர்மானியே வேண்டும். வியட்நாமில் வாய்க்கால்தோறும் உவர் அளந்து அறிவித்ததோடு, 2019 இல் கடலோர மாகாணங்களில் விதைப்பையும் முற்படுத்தினர். அடுத்த கோடையில் உவர் கடுமையாகவே வந்தும், நெற்சேதம் 2016 ஐவிட மிகக் குறைவாயிருந்தது.

நமது கடலோர வயல்களுக்கும் இது பொருந்தும். நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரை மிகக் குறைவாகவே தாங்கும். ஆகவே அவ்விரு பருவங்களிலும் நீர் பாய்ச்சுமுன் அதனை அளந்து பார்த்தல் அவசியம். உவர்நீர் பாரமானது, அடியிலேயே தங்கும். மேல்நீரை மட்டும் அள்ளிப் பார்த்து ஏமாறாது, மதகின் அடிமட்டத்திலிருந்தும், கடல் பெருகியிருக்கும் வேளையிலும் மாதிரி எடுத்தல் வேண்டும்.