இரண்டாவது கிரைண்டர் யாருடையது?

டீ ஆறுவதற்குள் ஒரு சின்ன விஷயத்தைப் பேசிப் பார்க்கலாம். இணையத்தில் ஒரு டேபிள்டாப் கிரைண்டர் வாங்குகிறோம். செவ்வாய்க்கிழமை வந்து சேர்கிறது, மாவும் அரைத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால் வாசலில் மறுபடியும் அதே பெட்டி, அதே பெயர், அதே வீட்டு எண். கொண்டுவந்தவர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டார். இந்த இரண்டாவது கிரைண்டர் யாருடையது?

தேக்கா நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “தப்பு அவங்களோடது. வீடு தேடி வந்ததை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா?” கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ளவர்கள் வேறு மாதிரி கவலைப்படுவார்கள். திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில் விழுமோ, இரண்டாவது தடவையும் பணம் கேட்பார்களோ, போலீஸ் வரைக்கும் போகுமோ என்று. இரண்டு தரப்பும் பாதி பாதிதான் சரி. எங்கே சரி, எங்கே தவறு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நம் பக்கத்தைச் சரிபார்த்துவிடுவோம். பணம் கட்டும் நேரத்தில் செயலி சுற்றிக்கொண்டே நிற்க, நாம் பொறுமையிழந்து மறுபடி அமுக்கியிருக்கலாம். ஆர்டர் பட்டியலைத் திறந்து எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். வங்கிக் கணக்கையும் பாருங்கள். இரண்டு ஆர்டர், இரண்டு தொகை என்றால் இது கடையின் தவறே இல்லை, நாம் வாங்கியதுதான். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய சிங்கப்பூர்ச் சட்டம் தரும் ஐந்து வேலைநாள் அவகாசம், வீடு தேடி வந்து விற்பது போன்ற நேரடி விற்பனைக்கும் விடுமுறைத் தங்குமிடப் பங்குத் திட்டங்களுக்கும்தான். சாதாரண இணையக் கொள்முதலுக்கு அது கிடையாது. அங்கே கடையின் திருப்பி அனுப்பும் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

ஒட்டியிருக்கும் சீட்டையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். வீவக புளோக்குகளில் எண் ஒன்று மாறினால் போதும், மேல்வீட்டுக்காரரின் பெட்டி நம் வாசலில் இருக்கும். அப்படியானால் இது மாடிப்படி ஏறினால் தீர்ந்துபோகும் விவகாரம்.

ஆர்டர் ஒன்று, பணம் ஒரு தடவை, பெட்டி மட்டும் இரண்டு என்று உறுதியாகிவிட்டதா? அப்படியானால் கடைக்காரர் பக்கம் ஏதோ பிசகியிருக்கிறது. ஒரு பெட்டி கிடங்கிலிருந்து கிளம்பி நம் வாசலுக்கு வரும்வரை பல இடங்களில் அதன் பட்டைக்கோட்டை வருடிப் பதிவுசெய்கிறார்கள். நடுவில் ஒரு பதிவு விட்டுப்போனால், கணினியின் கண்ணுக்கு அந்தப் பெட்டி காணாமல் போய்விட்டது. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வதற்குள் மாற்றுப் பெட்டி ஒன்றை அனுப்பிவிடுகிறார்கள். காணாமல் போனதாக நினைத்ததும் மெதுவாக வந்து சேர்ந்துவிடும். சிறு வியாபாரிகளிடம் இன்னும் எளிமையாக நடக்கும்: காலையில் ஒருவர் எடுத்த ஆர்டர் பட்டியலையே மாலையில் இன்னொருவரும் அச்செடுத்துக் கட்டிவிடுவார். யாரும் நமக்குப் பரிசு தரவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இனி, எல்லோருக்கும் இருக்கும் அந்த எண்ணத்துக்கு வருவோம். “கேட்காமல் வந்த பொருள் நமக்கே சொந்தம்” என்பது வெறும் பேராசையில் பிறந்த பேச்சு இல்லை. அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில வியாபாரிகள் யாரும் கேட்காமலேயே பொருளைத் தபாலில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே பில்லையும் அனுப்பி மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஒடுக்குவதற்காக அமெரிக்கா 1970-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கேட்காமல் அனுப்பினால் பெற்றவர் அதைப் பரிசாகவே வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் 1971-இல் கேட்காத பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூரும், ‘வேண்டாம்’ என்று நாம் சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பணம் கேட்கும் பழக்கத்தை 2009-இல் விதிமுறை போட்டுத் தடுத்தது.

இவையெல்லாம் வேண்டுமென்றே வலை விரிப்பவர்களுக்கு எதிரானவை. நம் கிரைண்டர் கதை அது இல்லை. நாம் ஒன்று கேட்டோம், கை தவறி இரண்டு வந்துவிட்டது. பிரிட்டனிலேயே கூட, கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிய பொருள் அவருடையதுதான், அவருக்குச் சொல்லிவிடுங்கள் என்றுதான் பயனீட்டாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். அமெரிக்க யூடியூபர் ஒருவர் சொன்ன பாதி உண்மை நம் வாட்ஸ்அப் குழுவுக்குள் வரும்போது முழுச் சட்டமாகிவிடுகிறது.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குப் பதில் மிகப் பழைய புத்தகத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1860-இல் வந்த தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி நீரிணைக் குடியேற்றங்கள் 1871-இல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றின. அதன் வாரிசுதான் இன்றைய சிங்கப்பூர்ச் சட்டம். அதன் 403-ஆம் பிரிவு, அடுத்தவர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வதைப் பற்றியது. இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பிரிவோடு சில உதாரணங்களும் தரப்பட்டுள்ளன. முதல் உதாரணத்தின் சாரம் இதுதான்: ஒருவர் அடுத்தவர் பொருளைத் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி எடுத்துவந்தால் அது திருட்டு ஆகாது, ஆனால் உண்மை தெரிந்த பிறகும் அதை நேர்மையில்லாமல் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டால் குற்றம்.

குற்றம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பெட்டி வாசலுக்கு வந்ததில் இல்லை. அதை உள்ளே எடுத்து வைத்ததிலும் இல்லை. “இது நம்முடையது இல்லை” என்று தெரிந்த பிறகு நாம் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. தவறு யாருடையது என்ற கேள்வியையே சட்டம் கேட்கவில்லை. தெரிந்த பின் என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறது.

ஒரு பெட்டிக்காக நாளையே போலீஸ் கதவைத் தட்டும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் பணம் விஷயத்தில் இங்கே அப்படி நடந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஒருவரின் வங்கிக் கணக்குக்கு 2023-இல் 25,000 வெள்ளி தவறுதலாக வந்து விழுந்தது. ஒரு நிறுவனத்துக்குப் போகவேண்டிய தொகை. அவர் அதில் கடனை அடைத்தார், ஊருக்கும் கொஞ்சம் அனுப்பினார். 2024 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு ஒன்பது வாரச் சிறைத் தண்டனை விதித்தது. அனுப்பியவரின் கவனக்குறைவு அவரைக் காப்பாற்றவில்லை.

இணையக் கடையின் தவறைப் பற்றியே சிங்கப்பூரில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில் 3,854 வெள்ளி விலையுள்ள எச்பி லேசர் பிரிண்டர் 66 வெள்ளி என்று காட்டியது. நள்ளிரவுக்குப் பிறகு இதைப் பார்த்த நண்பர்கள் ஆறு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். ஆறு மில்லியன் வெள்ளிக்கு மேல் பெறுமானமுள்ள சரக்கு, ஏறக்குறைய ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கு! கடையின் கணினியும் ‘ஆர்டர் உறுதி’ என்று தானாகவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. விடிந்ததும் கடை கையை விரித்தது. ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். 2004-இல் உயர் நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லின. விலை தவறானது என்று தெரிந்தேதான் வாங்க முயன்றார்கள் என்பதே காரணம். அவர்களில் சிலர் அந்த இரவிலேயே உண்மையான விலையை இணையத்தில் தேடிப் பார்த்திருந்தது அவர்களுக்கே வினையானது. சந்தேகப்பட்டுத் தேடியவர் “எனக்குத் தெரியாது” என்று எப்படிச் சொல்ல முடியும்? பிரிண்டர் வழக்கு ஒப்பந்தம் பற்றியது, வங்கி வழக்கு குற்றம் பற்றியது. ஆனாலும் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்.

பயந்த சுபாவக்காரர்களுக்கு இப்போது நல்ல செய்தி. பொருள் விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம், சிங்கப்பூரிலும் நடைமுறையில் உள்ளது. அதன் 30-ஆம் பிரிவு சொல்கிறது: கேட்டதைவிடக் கூடுதலாக வந்தால், கேட்டதை வைத்துக்கொண்டு மிச்சத்தை மறுத்துவிடலாம். 36-ஆம் பிரிவு அதைவிட இனிப்பு: மறுக்கும் உரிமையோடு மறுத்த பொருளை, வேறு ஏற்பாடு இல்லாதவரை, நாம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. “இது எனக்கு வேண்டாம்” என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். கல் கனம் கனக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு அஞ்சலகத்தில் வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. வந்து எடுத்துப்போவது அவர்கள் பாடு.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. கூடுதலாக வந்ததையும் ஏற்றுக்கொண்டால் அதற்கும் அதே விலை கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொள்வது என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும் இல்லை. உணவுக்கடையில் நாம் ஒரு தோசை கேட்டிருக்க, கூட ஒன்று வந்துவிட்டது என்று வையுங்கள். “அண்ணே, இது எங்களுடையது இல்லை” என்றால் எடுத்துப் போய்விடுவார்கள். வாயைத் திறக்காமல் ஓரத்தைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துவிட்டால் அதுவும் பில்லில் ஏறும். பெட்டியும் அப்படித்தான். பிரித்து உபயோகிப்பது, தங்கைக்குக் கொடுத்துவிடுவது, கரோசலில் விற்பது எல்லாம் சொந்தக்காரர் செய்யும் காரியங்கள். எதுவுமே செய்யாமல் நியாயமான காலத்தையும் தாண்டிப் பேசாமல் இருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகிவிடலாம். சென்னையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இப்படி வந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அச்சில் வார்த்தது.

ஆக, பெட்டியைப் பிரிக்காமல் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். வாங்கிய செயலிக்குள்ளேயே, அதே ஆர்டரின் கீழ், விற்றவருக்கு எழுதுகிறோம்: “இந்த எண்ணுள்ள ஆர்டருக்கு இரண்டாவது கிரைண்டர் வந்திருக்கிறது. ஒன்றுக்குத்தான் பணம் கட்டினேன். இது எனக்கு வேண்டாம், பிரிக்கவில்லை. எப்போது எடுத்துக்கொள்வீர்கள்?” ஷோப்பி, லசாடா போன்ற தளங்களில் விற்பவர் வேறு, தளம் வேறு; செயலிக்குள் எழுதினால் தேதியோடு இரு தரப்பும் பார்க்கும்படி பதிவு இருக்கும். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும்.

செயலிக்குள்ளேயே பேச வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோசடிக்காரர்களும் பார்சல் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள். “கூடுதலாக ஒன்று வந்திருக்கிறது, திருப்பி எடுக்க இந்த இணைப்பை அமுக்குங்கள்” என்றோ, தனி எண்ணுக்குப் பேநவ் செய்யுங்கள் என்றோ யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது.

பெரும்பாலும் கடைக்காரர் ஆள் அனுப்புவார். விலை குறைந்த பொருளாக இருந்தால், எடுத்துப்போகும் செலவே அதிகம் என்பதால், “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றும் சொல்லிவிடுவார். அந்தப் பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் அது நம் கிரைண்டர். மாறாக, சொன்ன பிறகும் இரண்டாவது கிரைண்டருக்குப் பணம் பிடித்துவிட்டால் முதலில் வங்கியிடமும் அடுத்து சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும் போகலாம். அதிலும் தீரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, வழக்கறிஞர் இல்லாமலேயே நாமே பேசிக்கொள்ளலாம்.

பதில் வரும்வரை பெட்டியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அதற்கு யார் அனுப்பிய கிரைண்டர் என்ற பேதம் கிடையாது.