இருதயத்தில் ஒரு புல்வெளித் தீ

வரட்சிக் காலத்திலே பொகவந்தலாவை மலைச்சரிவுகளில் மானாப்புல் தீப்பற்றி எரிவதை நாம் கண்டிருக்கிறோம். தீ முன்னே செல்லும். கருகிய நிலம் பின்னே கிடக்கும். அங்கே புல் மறுபடி முளைக்கும்வரை தீ திரும்ப இயலாது. இந்த நியதியை மனத்திற் கொண்டால், மனித இருதயத்தைக் கணிதம் எவ்வாறு ஆராய்கிறது என்பது எளிதில் விளங்கும்.

இருதயத்தின் வலது மேலறையிலுள்ள சிறு கணுவொன்று நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அது தசையெங்கும் அலையாகப் பரவ, தசை சுருங்குகிறது. அலை கடந்த கலம் சிறிது இளைப்பாறிய பின்னரே அடுத்த அலையை ஏற்கும். கருகிய நிலத்தைப் போலத்தான்.

1952 இல் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில விஞ்ஞானிகள், கணவாயின் நரம்பிலே சோடியமும் பொட்டாசியமும் உள்ளும் புறமும் செல்வதால் மின்துடிப்பு உண்டாகும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதினர். 1960 இல் டெனிஸ் நோபிள் அம்முறையை இருதய நாருக்குப் பொருத்தினார். இலண்டனிலிருந்த கணினியில் அவருக்குக் கிடைத்த நேரம் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரையே! அவர் எழுதிய சமன்பாடுகள் இருதயத்தைப் போலவே தாளம் தவறாது துடித்தன.

அலை எங்கேனும் முறிந்தால்தான் ஆபத்து. முறிந்த முனை சுருண்டு, இளைப்பாறிய தசையினுள் மீண்டும் மீண்டும் நுழைந்து சுழலும். சுழல்கள் பலவாகச் சிதறினால் கீழறைகள் வெறுமனே நடுங்கும், இரத்தவோட்டம் நின்றுவிடும். மாரடைப்பின்போது இவ்வாறு நேர்வதுண்டு. வைத்தியர்கள் வலிய மின்னதிர்ச்சி கொடுத்து இதனை அடக்குகின்றனர். அது உயிரைக் காக்கும். எனினும் தசைக்கு ஊறு செய்யவுங் கூடும்.

மெல்லிய மின்சாரம் போதாதா? உயிருள்ள மனிதரிடம் இதனைச் சோதித்துப் பார்த்தல் தகுமோ? சமன்பாட்டிடம் கேட்கலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ராகுல் பண்டித்தும், சிதப்ர சின்ஹா, அஷ்வின் பாண்டே ஆகியோரும் 2001 இல் அவ்வாறே செய்தனர். கணினியில் அமைத்த தசைப்பரப்பின்மீது வலைபோன்ற கோடுகளில் மட்டும் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தினர். புல்லைச் செதுக்கித் தீயைத் தடுப்பதுபோல, அக்கோடுகள் அலைகளை மறித்தன. சிறு கட்டங்களுக்குள் அகப்பட்ட சுழல்கள் இடம் போதாமல் அடங்கின. சின்ஹா பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

கணக்கிலே வென்றது உடனே வைத்தியமாகிவிடாது. ஆதலால் நெஞ்சு வலியை வாயுப்பிடிப்பென்று ஒதுக்காது வைத்தியசாலைக்கு விரைதலே இன்றும் நம் கடமை. லயத்திலிருந்து பாதை தொலைவாயின் இன்னும் விரைவாகப் புறப்படவேண்டும். ஒருவர் மூச்சுப்பேச்சின்றி வீழ்ந்துவிட்டால், உதவி வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்தவேண்டும்.

“இந்த வகையீட்டுச் சமன்பாடுகள் எதற்கு உதவும்?” என்று மாணாக்கர் நம்மிடம் கேட்பதுண்டு. உன் மணிக்கட்டிலே விரலை வைத்துப் பார், தம்பி. அங்கே துடிப்பதும் அத்தகைய கணக்குத்தான்.