‘பம்ப் போச்சு சார்’: பிரஷர் வாஷர் பம்பை வீட்டிலேயே சோதிப்பதும் மாற்றுவதும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பைக், கார், மொட்டை மாடி கழுவலாம்னு ஆசையா வாங்கின பிரஷர் வாஷர், ரெண்டு வருஷத்துல சோர்ந்து போகும். சர்வீஸுக்குக் கொண்டு போனா பெரும்பாலும் ஒரே தீர்ப்பு: “பம்ப் போச்சு சார், மாத்தணும்.” எங்க வீட்டு மெஷினுக்கும் அதைத்தான் சொன்னாங்க. பம்பும் கூலியும் சேர்த்து 5,000 ரூபாய்க்குப் பக்கம். புது மெஷினே 8,000 ரூபாய். இந்த இடத்துலதான் பழசை மாடிப்படிக்கு அடியில தள்ளிட்டு புதுசுக்கு ஆர்டர் போடுறது நடக்குது.

இன்னைக்கு ரெண்டு விஷயம் பேசப் போறேன். ஒண்ணு, அந்தத் தீர்ப்பு சரியான்னு ஒரு பக்கெட்டை வெச்சே எப்படிக் கண்டுபிடிக்கலாம். ரெண்டாவது, நிஜமாவே பம்ப் போயிருந்தா எப்படி மாத்துறது. நான் பேசறது வீட்டு பிளக்கில் ஓடுற எலக்ட்ரிக் மெஷின் பத்தி மட்டும். பெட்ரோல் எஞ்சின் மாடல்களோட அமைப்பு வேற.

உள்ளே என்ன நடக்குது?

மோட்டார் சுத்தும்போது, அதோட முனையில சாய்வா வெச்ச ஒரு தட்டும் அசையும். அந்தத் தட்டு மூணு சின்ன பிஸ்டன்களை மாத்தி மாத்தித் தள்ளும். ஸ்பிரிங் அவற்றைத் திருப்பிக் கொண்டு வரும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ரெண்டு ஒருவழி வால்வு. ஒண்ணு தண்ணியை உள்ளே விடும், இன்னொண்ணு வெளியே விடும். பிஸ்டனைச் சுத்தி ரெண்டு வகை சீல் இருக்கு: முன்னால தண்ணி சீல், பின்னால எண்ணெய் சீல்.

இதுல பலரும் தப்பா நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு. பம்ப் பிரஷரை உருவாக்குறது இல்லை. அது தண்ணியைத் தள்ளுது, அவ்வளவுதான். நாசிலோட சின்ன ஓட்டை அந்தத் தண்ணியைத் தடுக்குறதாலதான் பிரஷர் வருது. செடிக்குத் தண்ணி விடும்போது ஹோஸ் வாயைக் கட்டைவிரலால பாதி மூடினா பீய்ச்சி அடிக்கும் இல்லையா, அதே கதைதான்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. ஒரே நாசில்ல, பிரஷர் என்பது தண்ணி ஓட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். மூணு பிஸ்டன்ல ஒண்ணு மட்டும் வேலை செய்யலைன்னு வெச்சுக்கோங்க. தண்ணி மூணில் ரெண்டு பங்கா குறையும். ஆனா பிரஷர் ஒன்பதில் நாலு பங்கு, அதாவது சுமார் 44 சதவீதமா விழுந்துடும். மூணில் ஒரு பகுதி பழுதானாலும் மெஷின் பாதிக்கு மேல செத்த மாதிரி தெரியுறதுக்கு இதுதான் காரணம். அந்த ஒரு வால்வுல ஒரு மணல் துகள் மாட்டியிருந்தாலே இது நடக்கும்.

முதல்ல இன்புட்டைப் பாருங்க

கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும்: ஃபங்ஷனைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதுக்குள்ள என்ன போகுதுன்னு பார்க்கணும். இங்கேயும் அப்படித்தான்.

மெஷின் லேபிள்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு போட்டிருக்கும். எங்க வீட்டு மெஷின்ல 6 லிட்டர். உங்க குழாய் அதைவிட அதிகமா தரணும். 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை செகண்ட் ஆகுதுன்னு போன்ல பாருங்க. 6 லிட்டர் மெஷினுக்கு 100 செகண்டுக்குள்ள நிறையணும். இன்னும் சீக்கிரம் நிறைஞ்சா நல்லது.

நம்ம வீடுகள்ல இது பெரிய பிரச்சினை. ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து சுமார் 10 மீட்டர் கீழே இறங்கினாத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தரைத்தளப் பார்க்கிங்ல நல்லா ஓடுற மெஷின் மொட்டை மாடியில திணறுதுன்னா, பம்பை விட டேங்கோட உயரத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். போதுமான தண்ணி கிடைக்காத பம்ப், கூழாங்கல் உருளுற மாதிரி கரகரன்னு சத்தம் போடும். அப்படியே ஓட்டினா நல்ல பம்பும் கெட்டுடும்.

அடுத்து, தண்ணி உள்ளே போற இடத்துல இருக்கிற சின்ன வலை ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க. போர்வெல் தண்ணின்னா மணலும் உப்புப் படிவும் அங்கேதான் சேரும். அப்புறம் நாசில். அடைப்பு இருந்தா மெல்லிய ஊசியால எடுங்க. ஓட்டை தேய்ஞ்சு பெருசாயிருந்தா பம்ப் எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரஷர் வராது. வேற நாசில் போட்டுப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

பம்புக்கு ஒரு டெஸ்ட்

இப்போ பக்கெட்டை வேற மாதிரி பயன்படுத்தப் போறோம். தொட்டியில இருந்து உறிஞ்சுற வசதி இருக்கிற மெஷினுக்கு இது பொருந்தும். 20 லிட்டர் பக்கெட்ல லிட்டர் கணக்குக்கு மார்க்கரால கோடு போடுங்க. அதை மெஷினை விட உயரமா ஒரு ஸ்டூல் மேல வெச்சு, சக்ஷன் ஹோஸை முழுக்கத் தண்ணியால நிரப்பி உள்ளே விடுங்க. நாசிலோட ஒரு நிமிஷம் தொடர்ந்து அடிங்க. பக்கெட்ல எவ்வளவு குறைஞ்சதோ அதுதான் உங்க பம்ப் உண்மையில தள்ளுற தண்ணி.

எங்க மெஷின்ல 6 லிட்டர் குறையணும், குறைஞ்சது 4. மேலே சொன்ன மூணில் ரெண்டு கணக்கு அப்படியே வந்துச்சு. கூடவே தண்ணி சீரா வராம விட்டு விட்டுத் துடிச்சு வந்தது. ஒரு சிலிண்டர் வேலை செய்யலைங்கிறதுக்கு இந்த ரெண்டும் சேர்ந்தா நல்ல அடையாளம்.

இன்னொரு அறிகுறியும் சொல்லிடுறேன். ட்ரிகரை விட்டதும் மோட்டார் தானா நிக்கிற வசதி பல மெஷின்ல இருக்கு. உள்ளே தேங்குற அழுத்தம் ஒரு சின்ன ஸ்விட்சைத் தள்ளி மோட்டாரை நிறுத்தும். நீங்க ட்ரிகரைத் தொடாமலே சில செகண்டுக்கு ஒருதடவை ‘டுர்ர்’னு ஸ்டார்ட் ஆகி நின்னா, அழுத்தம் எங்கேயோ கசியுது. ஹோஸ் இணைப்பு, கன் ஓ-ரிங், பம்ப் வெளிவாய்ல இருக்கிற ஒருவழி வால்வு, இந்த வரிசையில பாருங்க. இதுக்குப் பெரும்பாலும் ஓ-ரிங் மாத்தினாலே போதும். முழு பம்ப் தேவைப்படாது.

கசிவு தேடும்போது மட்டும் விரலை வைக்காதீங்க. கார் டயர்ல இருக்கிறது சுமார் 2.2 பார், இந்த ஹோஸ்ல இருக்கிறது 100 பார். நூல் மாதிரி வர்ற தண்ணி தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே திசு சிதைஞ்சிருக்கும். அப்படி ஆனா வலி இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

வால்வா, முழு பம்பா?

பம்ப் தலையைத் திறந்து பார்த்தாத்தான் கடைசி முடிவு எடுக்க முடியும். வாரன்டி இருந்தா திறக்காதீங்க, அவங்களே மாத்தட்டும்.

வால்வுல அழுக்கோ உப்போ மட்டும் இருந்தா சுத்தம் பண்ணுங்க, இல்லைன்னா வால்வு-சீல் செட் வாங்கிப் போடுங்க. இது பம்ப் விலையில சின்ன பங்குதான். ஆனா மூணு விஷயத்துல எது இருந்தாலும் முழு பம்பையும் மாத்துறதுதான் சரி: பம்ப் தலையில விரிசல், பிஸ்டன் மேல நகத்துக்குத் தட்டுப்படுற கீறல், எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது. கீறின பிஸ்டன் புது சீலையும் அறுத்துடும். வெளுத்த எண்ணெய்னா தண்ணி சீலைத் தாண்டிப் பின்னால போயிட்டு இருக்குன்னு அர்த்தம். பின்னால இருக்கிறது 230 வோல்ட் மோட்டார். அதனால இதுல சமாதானம் கிடையாது.

எங்க மெஷின்ல கீறலும் இருந்தது, வெளுத்த எண்ணெயும் இருந்தது. ஆக, சர்வீஸ்காரங்க சொன்னது சரிதான். ஆனா இப்போ அது எனக்குத் தெரிஞ்ச உண்மை. பம்ப் அசெம்பிளி மட்டும் 2,600 ரூபாய்க்குக் கிடைச்சது.

சரியான பம்ப் வாங்குறது

முதல் வழி, மாடல் நம்பரும் பம்ப் மேல அச்சடிச்சிருக்கிற பார்ட் நம்பரும் வெச்சு அதே பம்ப் வாங்குறது. கிடைக்கலைன்னா பழைய பம்பையே கழட்டி, சென்னையா இருந்தா பாரிமுனை பக்கம், இல்லைன்னா உங்க ஊர்ல பவர் டூல்ஸ் ஸ்பேர் விக்கிற கடைக்குக் கையோட கொண்டு போங்க. போல்ட் ஓட்டைகளோட இடைவெளி, மோட்டாரோட சேர்ற பக்கத்தோட வடிவம், தண்ணி உள்ளே-வெளியே போற வாய்களோட அளவு, மூணும் ஒத்துப் போகணும்.

“இது இன்னும் பவர்ஃபுல் சார்”னு பெரிய பம்பைக் காட்டினா ஒரு கணக்குப் போடுங்க. பாரை நிமிஷ லிட்டரால பெருக்கி 600 ஆல வகுத்தா, எத்தனை கிலோவாட் வேணும்னு வரும். 110 பார், 6 லிட்டர்னா 1.1 கிலோவாட். உராய்வுல வீணாகுறதையும் சேர்த்தா 1,600 வாட் மோட்டார் அதைத் தாங்கும். 150 பார், 8 லிட்டர்னா 2 கிலோவாட். அதே மோட்டார் அதை இழுக்கப் போனா சூடாகிக் கருகும்.

மாத்துற வேலை

பிளக்கை உருவுங்க. குழாயை மூடுங்க. ட்ரிகரை அமுக்கி உள்ளே இருக்கிற அழுத்தத்தை வெளியே விடுங்க. மெஷின்ல உருளை மாதிரி கெப்பாசிட்டர் இருந்தா அதோட முனைகளைத் தொடாதீங்க. பிளக் உருவின பிறகும் அதுல சார்ஜ் நிக்கலாம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ எடுங்க. ஸ்க்ரூக்களைக் கழட்டின வரிசையில முட்டை அட்டையில போடுங்க. வெளிக்கூடு பல மெஷின்ல ஸ்டார் தலை ஸ்க்ரூவுல இருக்கும். அதுக்கான பிட் இல்லாம முயற்சி பண்ணினா தலை தேய்ஞ்சு மாட்டிக்கும். தண்ணி இணைப்புகளைப் பெரும்பாலும் ‘யு’ வடிவக் கம்பி கிளிப் பிடிச்சிருக்கும். பிளேயரால நேரா இழுங்க. ஸ்விட்ச் ஒயர்கள் எந்தப் பின்ல இருந்ததுன்னு போட்டோவுல தெளிவா தெரியணும்.

பம்பைப் பிடிச்சிருக்கிற போல்ட்களை அலன் கீ வெச்சு எதிரெதிர் மூலையா, அரைச் சுத்து அரைச் சுத்தா தளர்த்துங்க. உள்ளே ஸ்பிரிங் தள்ளிட்டு இருக்கு. ஒரே பக்கம் முழுசா கழட்டினா மறுபக்கம் கோணி மாட்டிக்கும். ரெண்டு முகத்தையும் துணியால சுத்தமா துடைச்சு, புது ஓ-ரிங், கேஸ்கெட் போடுங்க. தண்ணி படுற ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் கொஞ்சமா தடவினா போதும். எண்ணெய் ஊத்துற வகை பம்ப்னா மேனுவல்ல சொன்ன வகையும் அளவும்தான். திருப்பி மாட்டும்போதும் எதிரெதிர் மூலையா, கையாலேயே முறுக்குங்க. பம்ப் உடம்பு அலுமினியம்னா டிரில் மெஷினால முறுக்கும்போது மரை போயிடும்.

முதல் ஓட்டம்

உடனே ஸ்விட்ச் போடாதீங்க. நாசிலைக் கழட்டி, குழாயைத் திறந்து, மோட்டார் ஓடாமலே ட்ரிகரைப் பிடிச்சுக்கோங்க. காத்துக் குமிழி இல்லாம தண்ணி ஒரே சீரா வரணும். சீல்களைக் குளிர வைக்கிறதே இந்தத் தண்ணிதான். காய்ஞ்சு ஓடினா புது பம்பும் கெட்டுடும். அப்புறம் நாசில் இல்லாமலே ஒரு நிமிஷம் ஓட்டுங்க. பிறகு நாசில் மாட்டி ஓட்டுங்க. ட்ரிகரை விட்டா மோட்டார் நிக்கணும், ரெண்டு மூணு நிமிஷம் சத்தமே இல்லாம இருக்கணும். கடைசியா அதே பக்கெட் டெஸ்ட். எங்க மெஷின்ல இப்போ 6 லிட்டர் குறையுது.

மெஷின் போடுற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கினா ட்ரிப் ஆகணும். ஈரத் தரையில நின்னு மின்சார மெஷினைப் பிடிச்சிருக்கோம். கசிவு வந்தா உயிரைக் காப்பாத்தப் போறது அந்தப் பெட்டிதான். அது இல்லாத வீட்ல இந்த மெஷினை ஓட்டாதீங்க.

என் சொந்த விதி: ஸ்பேரோட விலை புது மெஷின் விலையில பாதியைத் தாண்டினா மாத்த மாட்டேன். மோட்டார்ல கருகல் வாசனை வந்தாலும் மாத்த மாட்டேன். மத்தபடி ஒரு பக்கெட், ஒரு மார்க்கர், ஒரு போன், கூட ஒரு சனிக்கிழமை காலை இருந்தா போதும். ‘பம்ப் போச்சு’ன்னு அடுத்த தடவை யாராவது சொன்னா, “நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருதுன்னு பார்த்தீங்களாண்ணே?”னு மட்டும் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.