சாலையோரக் கற்கள் சொல்லும் வரலாறு

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

பேருந்தில் செல்லும்போது சாலையோரத்தில் எத்தனையோ கற்களைக் காண்கிறோம். தேசிய நெடுஞ்சாலையின் மைல்கல்லுக்கு மஞ்சள் தலை. மாநில நெடுஞ்சாலையின் மைல்கல்லுக்குப் பச்சைத் தலை. இவை நாம் போக வேண்டிய தூரத்தைக் கூறுகின்றன. நம் முன்னோர் கடந்து வந்த தூரத்தைக் கூறும் கற்களும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமாக உள்ளன.

சென்ற விடுமுறையில் நான் அப்பாவுடனும் அப்பாயியுடனும் சித்தன்னவாசலுக்குச் சென்றேன். அது புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் சாலையில் சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கே இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை நம்மை வரவேற்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். 2010-இல் செய்த திருத்தத்தின்படி, அதைச் சேதப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அப்பாயி கீழே அமர்ந்துகொள்ள, நானும் அப்பாவும் மலையேறினோம். மேலே ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவியர் தங்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. எருமி நாட்டில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பதே அதன் செய்தி. சுமார் 2,000 ஆண்டுகளுக்குப் பின்னும் காவுடியின் பெயர் நிலைத்திருக்கிறது!

திரும்பும் வழியில் ஓர் ஊருணிக் கரையில் நிறுத்தினோம். அங்கே நின்ற இரண்டு கற்களின்மேல் ஒரு நீண்ட கல் படுத்திருந்தது.

"இது என்ன அப்பாயி, கல் பெஞ்சா?" என்றேன்.

"பெஞ்சு இல்லத்தா, சுமைதாங்கி. புள்ளத்தாச்சியா செத்துப்போன பொம்பளைக்காக வச்சது" என்றார்.

பேருந்து வசதி இல்லாத காலத்தில் விறகு, நெல், உப்பு எல்லாம் தலைச்சுமையாகவே சென்றன. கீழே இறக்கிய சுமையைத் தூக்கிவிட வேறு ஆள் வேண்டும். ஆள் உயரத்திற்குச் சற்றுக் குறைவாக நிற்கும் இக்கல்லில் இறக்கினால் தாமே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்த பெண்ணின் பெயரால், வழிப்போக்கர் சுமையை இறக்கினால் அவள் ஆன்மா இளைப்பாறும் என்பது மக்களின் நம்பிக்கை.

"எங்க அக்காவுக்கும் ஒண்ணு வச்சாங்க. ரோட்டை அகலப்படுத்தினப்போ எடுத்துட்டாங்க. எங்கே போட்டாங்கன்னே தெரியல" என்று அப்பாயி மெல்லச் சொன்னார். அப்படி ஓர் அக்கா இருந்தது அப்பாவுக்கே அன்றுதான் தெரியும்! நான் அவர் பெயரைக் கேட்டு என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அரசர்களின் கல்லுக்குப் பலகை உண்டு, சட்டமும் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் பல சுமைதாங்கிகளுக்கு இரண்டும் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லையிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-இல் நூலாக வெளியிட்டது. கல் சிதைந்தாலும் செய்தி அழியாதபடி செய்த நற்பணி அது. சிறிய அளவில் நாமும் அதைச் செய்யலாம் அல்லவா?

அன்புத் தோழியரே! உங்கள் ஊர் எல்லையிலும் ஒரு சுமைதாங்கி இருக்கலாம். அது நிற்கும் இடத்தையும் அதில் எழுத்து இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்காக வைத்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெற்றோர்களே! சாலைப்பணி நடக்கும்போது அக்கல்லைச் சற்றுத் தள்ளி நட்டுவைக்கச் சொல்லுங்கள். என் நோட்டில் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த ஆண்டு மலருக்குள் நாம் அனைவரும் சேர்ந்து பல பெயர்களைச் சேர்ப்போமாக!