செயலியும் சோதனையும்

தச்சன் மரத்தில் கை வைக்குமுன் உளியையும் இழைப்புளியையும் தீட்டி வைத்துக்கொள்கிறான். நெசவாளி நெய்யத் தொடங்குமுன் தறியைச் செம்மை செய்கிறான். கருவி செவ்வையாக இல்லையேல் கைத்திறன் பயன் தருவதில்லை. இவ்வுண்மை பழந்தொழில்களுக்கு மட்டும் உரியதன்று; கைப்பேசிக்குச் செயலி படைக்கும் புதுத்தொழிலுக்கும் பொருந்தும். அத்தொழிலுக்கும் ஒரு பட்டறை உண்டு. அது கணிப்பொறியினுள்ளே அமைக்கப்படுகிறது.

கைப்பேசியில் இயங்கும் செயலி கைப்பேசியிலேயே எழுதப்படுகிறது எனச் சிலர் எண்ணக்கூடும். பெரும்பாலும் அவ்வாறன்று. கணிப்பொறியில் எழுதி, கைப்பேசிக்கு ஏற்ற வடிவில் அமைத்து, பின்னரே அதனுள் செலுத்துகின்றனர். இன்று பெருவழக்காயுள்ள கைப்பேசி இயங்குதளங்கள் இரண்டு. ஒன்று கூகுள் நிறுவனத்தின் ஆண்டிராய்டு. மற்றொன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ். ஐஓஎஸ் செயலிகளை அமைக்க உதவும் எக்ஸ்கோடு என்னும் மென்பொருள், ஆப்பிளின் மேக் கணிப்பொறிகளில் இயங்குவது. ஆண்டிராய்டுக்குரிய பட்டறையையோ விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூவகைக் கணிப்பொறிகளிலும் அமைக்கலாம். ஆதலின், அதனைச் சான்றாகக் கொண்டு இத்தொழிலை அறிவது எளிது.

ஆண்டிராய்டு கொண்ட முதற் கைப்பேசி 2008ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் எக்லிப்ஸ் என்னும் பொதுவான மென்பொருளில் துணைக்கருவிகளைச் சேர்த்துச் செயலிகளை எழுதினர். 2013இல் கூகுள் நிறுவனம் ஆண்டிராய்டு ஸ்டூடியோவை அறிவித்தது. 2014 டிசம்பரில் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. விலையின்றிக் கிடைக்கும் இதனைக் கணிப்பொறியில் நிறுவினால், வேண்டிய கருவிகள் பெரும்பாலும் ஒருங்கே வந்து சேரும். நிரல் எழுதுவதற்கு ஓர் இடம், எழுதிய நிரலைப் பொறி அறியும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி, பல பகுதிகளையும் இணைத்துச் செயலியாகக் கட்டித் தரும் கிராடில், பிழை தேடும் கருவி ஆகியவை அவற்றுள் சிறந்தவை. நிரல்கள் ஜாவா, காட்லின் ஆகிய மொழிகளில் எழுதப்படுகின்றன.

பட்டறையை அமைத்தவுடன் ஒரு முடிவு செய்தல் வேண்டும். ஆண்டிராய்டின் பதிப்புகள் பல. எந்தப் பழைய பதிப்பு வரையில் செயலி இயங்க வேண்டும் என்பதைக் குறித்தாக வேண்டும். மிகப் புதிய பதிப்பைக் குறித்தால் வேலை எளிதாகும். ஆயின், பழைய கைப்பேசி வைத்திருப்போர் அச்செயலியை நிறுவ இயலாது. புதியது வாங்க வழியில்லாதவர் கையில் இருப்பது அப்பழைய கைப்பேசியே. ஓர் எண்ணைக் குறிக்கும் இச்சிறு செயல், செயலி யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை வரையறுத்துவிடுகிறது.

எழுதிய செயலியை ஓட்டிப் பார்ப்பதற்கு எமுலேட்டர் என்னும் பாவனைக் கைப்பேசி உதவுகிறது. இது கணிப்பொறித் திரையில் தோன்றும் ஒரு கைப்பேசி உருவம். உருவம் மட்டுமன்று, உண்மையான ஆண்டிராய்டே அதனுள் இயங்குகிறது. சிறிய திரை, பெரிய திரை, பழைய பதிப்பு, புதிய பதிப்பு என வேண்டியவாறு பலவற்றை அமைத்துக்கொள்ளலாம். அழைப்பு வருவது போலவும், மின்கலம் குறைவது போலவும் செய்து பார்க்கலாம். எனினும், பாவனை பாவனையே. அது கணிப்பொறியின் வலிமையைக் கொண்டு இயங்குவது. நண்பகல் வெயிலில் திரை மங்குவதையும், ஈரக்கை பட்டுத் தொடுகை தவறுவதையும், கைப்பேசி சூடேறி வேகம் குன்றுவதையும் அது காட்டாது.

ஆதலின், உண்மைக் கைப்பேசியில் சோதித்தல் இன்றியமையாதது. 2012இல் வந்த ஆண்டிராய்டு 4.2 முதல், இதற்குரிய வசதிகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. அமைப்புகள் பகுதியில் பில்டு எண் குறிக்கப்பட்டுள்ள வரியை ஏழு முறை தொட்டால் அவை வெளிப்படும். அங்கு யுஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்கி, வடத்தால் கணிப்பொறியோடு இணைத்தால், அக்கணிப்பொறிக்கு இசைவு அளிக்கலாமா எனக் கைப்பேசி வினவும். உடையவர் இசைந்த பின்னரே செயலியை உள்ளே செலுத்த இயலும். சோதனை முடிந்ததும் அவ்வசதியை நிறுத்தி வைத்தல் நன்று. திறந்த கதவு வேண்டாதவர்க்கும் வழிவிடும்.

சோதனையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். உழவர் ஒருவர் தம் மூன்று வயல்களின் விவரங்களையும் ஒரு செயலியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டுக் கைப்பேசியைக் குறுக்கே திருப்புகிறார். சேர்த்தவை யாவும் மறைந்துவிடுகின்றன. திரை திரும்பும்போது ஆண்டிராய்டு பொதுவாக அப்பக்கத்தை அழித்துப் புதிதாக அமைப்பதே இதற்குக் காரணம். சேர்த்தவற்றைக் காக்கும் ஏற்பாடு நிரலில் இல்லையேல் அவை நிலைத்திரா. மேசைமீது அசையாதிருக்கும் திரையை நோக்கி எழுதுபவர்க்கு இப்பிழை எளிதில் புலப்படாது. கைப்பேசியைக் கையிலேந்திச் சோதிப்பவர்க்கு விரைவில் புலப்பட்டுவிடும். தமிழ்ச் செயலிக்கு மற்றொரு சோதனையும் உண்டு. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளில் அடங்கும் சொல் தமிழில் ‘சேமிக்கவும்’ என நீளும். முதியோர் எழுத்தளவைப் பெரிதாக்கினால், அச்சொல் பொத்தானைவிட்டு வெளியே வழியும்.

செயலி இடையில் நின்றுவிட்டால் திகைக்க வேண்டுவதில்லை. நிகழ்ந்தவற்றை வரிசையாகக் குறித்து வைக்கும் லாக்கேட் என்னும் பதிவைப் படித்தால், நிரலில் பிழை நேர்ந்த இடத்தை அறியலாம். திருத்தியபின் மீண்டும் சோதித்தல் வேண்டும். ஒரு பிழையை நீக்கும்போது மற்றொன்று புகுதலும் உண்டு.

தம் கணிப்பொறியில் செயலி இயங்கியது கண்டு, அதனைப் படைத்தவர் மனநிறைவு கொள்ளலாகாது. பயன்படுத்துவோர் கையில், அவருடைய எளிய கைப்பேசியில், பிழையின்றி இயங்கும்போதே பணி முற்றுப்பெறுகிறது. நிரல் எழுதுதற்கு அறிவு வேண்டும். பொறுமையோடு சோதித்தற்குப் பிறர்பால் அக்கறையும் வேண்டும்.