போருக்குப் பின் வீடு – 14: பிளம்பர் ஹாரி

முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே போர்வை, துணிமணிகள் வைக்கும் அலமாரி. ராத்திரியில் யாராவது வந்து அங்கே விளக்கைப் போட்டால், அறைக்குள் பளிச்சென்று வெளிச்சம் பாயும். அரைத் தூக்கத்தில் கிடக்கும் ஹாரி பேட்சுக்குத் தூக்கிவாரிப்போடும். எண்பது வருஷத்துக்கு முன்னால் தலைக்கு மேல் குண்டு வெடித்ததும் இப்படித்தான், முதலில் வெளிச்சமாக வந்தது.

2009 ஜூலையில் 111 வயதில் அவர் இறந்தபோது, முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சண்டையிட்ட கடைசி வீரர் மறைந்தார் என்று எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அவர் போர்முனையில் இருந்தது 1917 ஜூன் முதல் செப்டம்பர் வரை, நாலே மாதம். பிளம்பராக இருந்ததோ ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

இங்கிலாந்தில் பாத் நகரையொட்டிய கூம் டவுன் அவர் ஊர். அப்பா கல் கொத்தனார். பள்ளியை விட்டதும் ஹாரி குழாய் வேலை பழகப் போனார். அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாய் ஈயத்தில் செய்தது. துப்பாக்கிக் குண்டுக்குள் இருந்ததும் ஈயம்தான். பதினெட்டு வயதில் கட்டாய ராணுவ சேவைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கேயும் கைவேலைதான் வாய்த்தது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இரண்டாவது ஆள்: உதிரி பாகங்களைச் சுமக்க வேண்டும், துப்பாக்கி மக்கர் செய்தால் சரிசெய்ய வேண்டும். குழு ஐந்து பேர். தவிர்க்க முடிந்தால் யாரையும் கொல்வதில்லை, காலைப் பார்த்துச் சுடுவது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஒருமுறை துப்பாக்கி முனைக் கத்தியோடு ஒரு ஜெர்மானியன் ஓடிவந்தான். ஹாரியின் கையில் ரிவால்வர். தோளில் சுட்டார், அவன் நிற்கவில்லை. அடுத்துக் காலில் சுட்டு விழ வைத்தார். உயிரை விட்டுவிட்டார்.

அதே களத்தில், தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்து கிடந்த ஒரு சிப்பாய், தன்னைச் சுட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். ஹாரி ரிவால்வரை எடுப்பதற்குள் அவன் உயிர் போய்விட்டது. கடைசியாக அவன் வாயில் வந்த வார்த்தை, "அம்மா".

செப்டம்பர் 22 இரவு தலைக்கு மேல் வெடித்த குண்டில் குழுவில் மூன்று பேர் செத்தார்கள். ஹாரியின் அடிவயிற்றில் உலோகத் துண்டு பாய்ந்தது. மயக்க மருந்து தீர்ந்து போயிருந்ததால், நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள அதை வெட்டி எடுத்தார்கள்.

உடம்பு தேறிவந்த காலத்தில் பழக்கமான ஏடாவை 1919-ல் மணந்தார். இரண்டு மகன்கள். மறுபடியும் குழாய் வேலை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கோபுரம் எழும்பியபோது அதில் ஏறி வேலை பார்த்தார். அதே பல்கலைக்கழகம் 2005-ல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. 1942-ல் ஜெர்மன் விமானங்கள் பாத் நகரில் குண்டு போட்டபோது, பகுதிநேரத் தீயணைப்பு வீரராகத் தெருவில் நின்றார்.

இத்தனைக்கும் நடுவில் போரைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த ஏடாவிடம்கூட. போர்ப் படம் ஓடினால் பார்க்க மாட்டார். படைப்பிரிவுக்காரர்கள் கூடும் இடத்துக்குப் போக மாட்டார். ஏடா 1976-ல் போய்ச் சேர்ந்தார். மகன்களும் ஹாரிக்கு முன்பே போய்விட்டார்கள். 1998-ல், நூறு வயதில், பிபிசி ஆவணப்படத்துக்காகத்தான் முதல்முறையாக வாய் திறந்தார்.

திறந்த பிறகு மூடவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பேசினார். 2004-ல், தான் சண்டையிட்ட பெல்ஜியத்துக்கே போய், ஜெர்மன் தரப்பில் சண்டையிட்ட சார்ல்ஸ் குன்ட்ஸைச் சந்தித்தார். இவருக்கு 106, அவருக்கு 107. ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? அவர் தன் அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்தார். இவர் தன் சாமர்செட் ஆப்பிள் மதுவில் ஒரு பாட்டில் கொடுத்தார்.

2009 ஆகஸ்ட் 6 அன்று வெல்ஸ் பேராலயத்தில் இறுதிச் சடங்கு. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்று நாட்டுச் சிப்பாய்களும் சவப்பெட்டியோடு நடந்தார்கள். துப்பாக்கி எதுவும் வரக்கூடாது என்று அவர் சொல்லி வைத்திருந்தார். சடங்குக்கான ஆயுதங்களைக்கூட வெளியே வைத்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு நடந்தார்கள்.

(தொடரும்)